விட்ட படியிலிருந்து தொடர்ந்த சிறுமி: ஓர் ஈராசிரியர் பள்ளியில் செயல்வழிக் கற்றல்

பதிவின் பின்னணி

வட தமிழகத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2008 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமியைப் பற்றியது இந்த ஆய்வு. அவள் நான்காம் வகுப்பை முடித்த 2012 ஏப்ரல் வரை நடந்ததை வரிசையாகவும், அதற்குப் பிறகு தெரியவந்ததைச் சுருக்கமாகவும் தருகிறேன். அந்த நாட்களில் நான் அந்தப் பகுதியின் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். பள்ளிகளைப் பார்வையிட்டு, வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்து, ஆசிரியர்களோடு பேசுவது என் பணி. ஊர், பள்ளி, ஆட்களின் பெயர்களையும் அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

இந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குழந்தை தன் வேகத்தில், தானே அட்டை எடுத்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மகிழ்ச்சி, தன்னம்பிக்கை, படைப்பாற்றல் என்றே பேச்சு போகிறது. அவை உண்மைதான். ஆனால் அந்த முறையின் மிகப் பெரிய பயன், பள்ளிக்குத் தொடர்ந்து வர முடியாத பிள்ளைக்கே கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டில் மூன்று, நான்கு மாதம் காணாமல் போய்த் திரும்பும் குழந்தையை வகுப்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு முறை குழந்தையை மையமாகக் கொண்டதா என்று சொல்ல முடியும்.

ஊரும் பள்ளியும்

பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். தலைமையாசிரியை ஒருவர், இடைநிலை ஆசிரியை ஒருவர். ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதை ஒட்டிப் பின்னால் கட்டிய ஓர் அறை, சத்துணவுக் கூடம், ஒரு வேப்பமரம்.

ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு நிலம் இல்லை. பொங்கல் முடிந்த கையோடு செங்கல் சூளைக்குக் கிளம்புவார்கள். கார்த்திகை வாக்கிலேயே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கணவனும் மனைவியும் ஒரு ஜோடி என்று கணக்கு. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும். நள்ளிரவு தாண்டி எழுந்து மண் குழைத்து, விடியும்வரை கல் அறுப்பார்கள். பிள்ளைகள் பகலில் காயும் கல்லைத் திருப்பிப் போடுவார்கள், அடுக்குவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். மழை தொடங்கியதும் சூளை நிற்கும், குடும்பம் ஊர் திரும்பும். பள்ளிக் கணக்கில் பார்த்தால், ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து முழு ஆண்டுத் தேர்வு வரை அந்தப் பிள்ளை இல்லை. ஜூனில் பள்ளி திறந்த பிறகும் சில வாரம் கழித்துத்தான் வரும்.

பழைய முறையில் இப்படித் திரும்பும் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது அந்தத் தலைமையாசிரியைக்கு நன்றாகத் தெரியும். பாடப்புத்தகம் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியிருக்கும், பிள்ளை பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றிருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுத்தின் உருவத்தை வரையும். அதை எழுதுகிறது என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டும் அதே கதை. மூன்றாம் வகுப்பில் பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கும். “அந்தப் பிள்ளைங்க மக்குன்னு நாங்களே நம்பிட்டிருந்தோம்” என்று அவர் ஒருமுறை சொன்னார்.

முறை வந்த வழி

1990-களில் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளில், வயதும் வகுப்பும் பொருந்தாத பிள்ளைகளை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. அதே தேடல் ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியிலும் நடந்துகொண்டிருந்தது. தத்துவச் சிந்தனையாளர் ஜே.கிருஷ்ணமூர்த்தி நிறுவிய அந்தக் கல்வி மையத்தின் கிராமப்புறப் பிரிவு, ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து ஒரு பெட்டிக்குள் அடக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்று வந்து, 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் முறை போய்ச் சேர்ந்தது. எங்கள் ஒன்றியத்துக்கும் அப்படித்தான் வந்தது.

வகுப்பறை எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1 முதல் 4 வரை நான்கு வகுப்பும் கலந்து தரையில் பாய் விரித்து உட்காரும். சுவரில் ஏணிப் படம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு படிக்கும் சில அட்டைகள்: அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு, தேவைப்பட்டால் குறைதீர் பயிற்சி. அட்டையில் ஒரு படக் குறியீடு இருக்கும், அதே குறியீடு ஏணியிலும் இருக்கும். எழுத்து தெரியாத குழந்தைகூடத் தன் படத்தை ஏணியில் கண்டுபிடித்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து வரலாம். அட்டையைப் பொறுத்து ஆறு குழுக்களில் ஒன்றில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் முழுமையாகத் துணை நிற்கும் குழு, ஓரளவு துணை நிற்கும் குழு, சக மாணவர் துணைக்கு அதே போல இரண்டு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு. சுவரின் அடிப்பகுதி முழுவதும் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். வருகையைக்கூடப் பிள்ளையே அட்டவணையில் குறித்துக்கொள்ளும்.

தமிழ் ஏணி ‘அ’வில் தொடங்கவில்லை. ட, ப, ம என்று கோடு எளிதாகவும் சேர்த்தவுடன் சொல்லாகவும் அமையும் எழுத்துகளில் தொடங்கியது. பிள்ளை முதல் சில வாரத்திலேயே ‘படம்’ என்று வாசித்துவிடும். இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை எனக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. பாதியில் ஊரைவிட்டுப் போகும் பிள்ளை, எழுத்துக் குவியலை மட்டும் கொண்டு போகாமல், வாசித்த சொற்களோடு போனது.

முதல் ஆண்டு: கண்டவை

சிறுமி வந்து சேர்ந்தபோது பேசவில்லை. வாசலை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்து, தன் தம்பி வெளியில் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இடைநிலை ஆசிரியை அவளை அழைத்து உட்காரவைக்கவில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், “நீ அட்டை எடுக்கப் போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னார். சில நாளில் அவளே தட்டு வரிசைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் வாக்கில் நான் கவனித்தது ஒன்று. ஒரு பயிற்சி அட்டையை முடித்துவிட்டு, அதையே திரும்ப எடுத்து வந்து முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் எடுத்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியை பொறுமையிழந்து, “அதான் முடிச்சிட்டியே, அடுத்தத எடு” என்று சொல்லப் போனார். இடைநிலை ஆசிரியை தடுத்தார்: “டீச்சர், அவளுக்கு இன்னும் போதலை போல. விடுங்க.”

இந்தத் திரும்பத் திரும்பச் செய்தல் புதிதல்ல. 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தொழிலாளர் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைகளைக் குழிகளில் பொருத்தும் வேலையை நாற்பது முறைக்கும் மேல் விடாமல் செய்ததை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பதிவு செய்திருக்கிறார். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தின் பெரும்பகுதியை இங்கேயும் கொடைக்கானலிலுமாகக் கழித்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். அடையாறில் தொடங்கிய அந்தப் பயிற்சி மரபின் தடம் எங்கள் வகுப்பறைகளில் மணிகளாகவும் எண் அட்டைகளாகவும் இருந்தது. குழந்தை ஒன்றையே திரும்பச் செய்தால் அது தேக்கம் இல்லை, தனக்குள் ஏதோ ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்கிறது என்ற பார்வையும் அந்த மரபில் வந்ததுதான். சிறுமி ஐந்தாறு நாள் அந்த அட்டையிலேயே இருந்தாள். பிறகு யாரும் சொல்லாமல் மதிப்பீட்டுக் குழுவில் போய் உட்கார்ந்தாள்.

டிசம்பர் முடிவில் தமிழ் ஏணியில் வகுப்பின் நடுவிலும், கணக்கில் சற்று முன்னாலும் இருந்தாள். பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவில்லை.

முதல் முடிவு: பெயரும் படியும் அப்படியே இருக்கட்டும்

நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு, திரும்பி வந்தால் மறுபடி சேர்ப்பது அப்போது சில பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2009 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தலைமையாசிரியை பெயரை நீக்க மறுத்தார். அதோடு ஒன்றைச் செய்தார்: அடைவுப் பதிவேட்டில் அந்தச் சிறுமி கடைசியாக முடித்த அட்டைக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அவளுக்கு எது தடுமாற்றம் என்பதை ஒரே வரியில் எழுதிவைத்தார். ‘ர, ற குழப்பம். பத்துக்கு மேல் எண்ணுவாள், எழுத மாட்டாள்’ என்பது அந்த வரி.

காரணம் கேட்டபோது, “வந்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியணும் சார். ஜூன்ல நாற்பது முகத்துல இவ முகம் மறந்துடும்” என்றார். பயிற்சிக் கூட்டங்களில் அட்டை, தட்டு, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று பொருட்களைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். இந்த ஒற்றை வரியின் மதிப்பை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆசிரியை தன் அனுபவத்தில் கண்டுகொண்டார்.

திரும்பி வந்த நாள்

2009 ஜூலை தொடக்கத்தில் வந்தாள். வகுப்பில் நுழைந்ததும் நேராக ஏணிப் படத்துக்குப் போனாள். விரலால் தடவித் தடவித் தன் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு, “நான் இதுலதான் டீச்சர் உட்டேன்” என்றாள். பேசத் தயங்கிய குழந்தை கேட்காமலேயே சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான் என்று இடைநிலை ஆசிரியை என்னிடம் சொன்னார்.

அவளுக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்ற பெயர் இருந்தாலும், முதல் வகுப்பு அட்டையை எடுப்பதில் கூச்சம் இல்லை. அதே பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் அவரவர் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். யார் பின்தங்கியவர் என்று தனியே தெரியும்படி பின்வரிசை என்று ஒன்று அங்கே இல்லை.

ஒரு வாரம் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தபின் இரண்டு விஷயம் வெளிப்பட்டது. தமிழில் முடித்திருந்த படிகளில் கடைசி மூன்று மறந்திருந்தது. கணக்கில் நேர்மாறு. சூளையில் கல்லை வரிசை வரிசையாக அடுக்கி எண்ணிப் பழகியிருந்தாள். நூறு, இருநூறு என்று வாயால் தடையின்றிச் சொன்னாள். “ஒரு வரிசைக்கு அம்பது, ரெண்டு வரிசை நூறு” என்று தானே விளக்கினாள். ஆனால் ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் 1005 என்று எழுதினாள்.

இரண்டாம் முடிவு: எல்லா அட்டையையும் செய்ய வேண்டியதில்லை

விதிப்படி படிகளைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு படியிலும் அறிமுகம் முதல் மதிப்பீடு வரை வரிசையாகப் போக வேண்டும். கணக்கில் அவளை அப்படிப் போகவைத்தால், தெரிந்த எண்ணிக்கையை வாரக்கணக்கில் திரும்பச் செய்திருப்பாள். அதனால் இடைநிலை ஆசிரியை, எண்ணிக்கை தொடர்பான படிகளில் மதிப்பீட்டு அட்டையை மட்டும் நேரே கொடுத்துப் பார்ப்பது, தேறினால் அடுத்த படிக்கு விடுவது என்று முடிவெடுத்தார். இடமதிப்பு வரும் படியில் நிறுத்தி, ஆசிரியர் முழுத் துணைக் குழுவில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மணிகளோடு கூடவே சிறு ஓட்டுச் சில்லுகளையும் பத்துப் பத்தாக அடுக்கவைத்தார்.

என்னிடம் அனுமதி கேட்டார். நான் மேலே எழுதிக் கேட்கவில்லை, செய்யுங்கள் என்றேன். குழந்தை எங்கே நிற்கிறது என்று கண்டறிவதற்கு ஏணி இருக்கிறது. குழந்தைக்குத் தெரிந்ததை மறுபடி செய்யவைப்பதற்காக ஏணி இல்லை. அவள் சூளையில் கற்றதையும் கற்றலாகவே பள்ளி ஏற்றுக்கொண்டது. இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது இந்த முடிவைத்தான்.

தமிழில் மறந்த மூன்று படிகளுக்கு, முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு அவளைச் சக மாணவர் துணையாக உட்காரவைத்தார்கள். அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக அவள் அந்த அட்டைகளைத் தானே படிக்க வேண்டி வந்தது. செப்டம்பருக்குள் ஜனவரியில் விட்ட இடத்தைத் தாண்டிவிட்டாள்.

ஏணி பந்தயமானபோது

இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு சிக்கல். பிள்ளைகள் ஒருவரையொருவர் “நீ எந்தப் படி?” என்று கேட்பது வழக்கமாயிற்று. வேகமாக ஏறுவது பெருமையாயிற்று. மதிப்பீட்டு அட்டையின் விடையை முன்னால் போனவரிடம் கேட்டு எழுதிவிட்டுத் தாண்டினார்கள். நம் சிறுமியும் இரண்டு படியை அப்படித் தாண்டியது, அவள் வாசித்துக் காட்டத் திணறியபோது தெரிந்தது. அட்டையை நிரப்புவது கற்பதற்கு ஈடாகாது என்பதைப் பல பள்ளிகளில் நான் பார்த்தேன். வாரம் இத்தனை படி என்று மேலிருந்து கேட்ட இடங்களில் பிள்ளைகளுக்கு முன்பே ஆசிரியர்கள் பந்தயத்தில் இறங்கியிருந்தார்கள்.

இந்தப் பள்ளியில் எடுத்த நடவடிக்கை எளியது. சுவரில் பிள்ளைகளின் பெயரோடு மாட்டியிருந்த முன்னேற்ற அட்டவணையை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டில் ஏணியை வரைந்து கொடுத்தார்கள். மதிப்பீடு முடிந்தபின் அதே திறனை அட்டையில் இல்லாத ஒன்றில் செய்து காட்ட வேண்டும்: கடை விலைப்பட்டியல், பேருந்துப் பலகை, நூலகப் பையில் இருந்த கதைப் புத்தகத்தின் ஒரு பக்கம். வேகம் குறைந்தது. தலைமையாசிரியை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தாயின் கேள்வி

பெற்றோர் கூட்டத்தில் சிறுமியின் தாய் நேராகக் கேட்டார்: “பொஸ்தகமே இல்லாம அட்டைய வச்சிகினு வெளையாடுதுங்க. டவுன் இஸ்கூல்ல பசங்க நோட்டு நோட்டா எழுதுதுங்க. எம்பொண்ணு என்னா படிக்குதுன்னு எனக்கு எப்டி தெரியும்?”

மற்ற ஊர்களிலும் இதே கேள்விதான், இதை அறியாமை என்று தள்ளக் கூடாது. புத்தகமும் நோட்டும் வீட்டுக்கு வரும்போது எழுத்தறியாத பெற்றோருக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. அட்டை பள்ளியிலேயே தங்கிவிடுகிறது. தலைமையாசிரியை விளக்கம் சொல்லவில்லை. அடுத்த மாதம் பெற்றோரை அரைநாள் வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். சிறுமி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஏணியைக் காட்டினாள், அட்டை எடுத்தாள், கரும்பலகையில் தன் கட்டத்தில் எழுதினாள், வீட்டில் பேசும் பேச்சைப் பேசியபடியே வாசித்தாள். தாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி தீர்ந்ததாகவும் நான் நினைக்கவில்லை.

சூளைக்குப் போன அட்டைகள்

2010 ஜனவரியில் குடும்பம் கிளம்பும் முன், அடுத்து வரும் சில படிகளின் அட்டைகளைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறம் கையால் எழுதி, ஒரு துணிப்பையில் போட்டு இடைநிலை ஆசிரியை கொடுத்தனுப்பினார். நல்ல எண்ணம்தான், ஆனால் எதிர்பார்த்த பலன் தரவில்லை. ஜூலையில் பாதி அட்டைகள் திரும்பின, அவற்றில் மூன்றோ நான்கோ மட்டும் கையாளப்பட்டிருந்தன. தங்கிய கொட்டகையில் விளக்கு இல்லை, பகலில் வேலை, முடித்ததைப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. தானே கற்றல் என்பது தனியே விடப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர், பக்கத்தில் இருக்கும் தோழி, அமைதியாக உட்கார ஓர் இடம், ஒப்படைக்கப்பட்ட நேரம் ஆகியவை இருந்தால்தான் குழந்தை தானே கற்க முடிகிறது.

ஆனால் அந்தச் சூளைக் காலத்தில் வேறொன்று நடந்தது. தந்தை சொல்லித்தான் தெரிந்தது. மேஸ்திரியின் கணக்கு நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே இருந்த தொகையையும் கல் எண்ணிக்கையையும் சிறுமி வாசித்துச் சொல்லியிருக்கிறாள். தந்தை மனக்கணக்காக வைத்திருந்ததும் அதுவும் ஒத்துப்போனது. பெரிய சண்டையோ மீட்போ எதுவும் இல்லை. அவர்கள் வீட்டில் நோட்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள் என்பதுதான் செய்தி.

திரும்பி வந்தபோது அவள் நின்ற இடம், போன இடத்திலிருந்து ஒரே ஒரு படி கீழே. முதல் ஆண்டில் மூன்று.

மூன்றாம் பருவமும் அதன் பிறகும்

2011 பொங்கலுக்குப் பிறகு தாயும் தந்தையும் தம்பியும் மட்டும் சூளைக்குப் போனார்கள். சிறுமியை ஊரில் ஆயாவிடம் (பாட்டியிடம்) விட்டார்கள். முடிவெடுத்தது தாய். காரணம் கேட்டதற்கு, “அது நோட்டு படிக்குது டீச்சர். இட்டுனு போனா கல்லுதான் திருப்பும்” என்றாராம். பள்ளியில் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயாவுக்கு உடம்பு சரியில்லாதபோது சிறுமி அரைநாள் தாமதமாக வருவாள். வருகை அட்டவணையில் தன் பெயருக்கு நேரே குறித்துவிட்டு, விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு உட்காருவாள். தாமதமாக வந்ததற்காகப் பாடம் அவளைத் தாண்டிப் போயிருக்கவில்லை.

விளைவு

2012 ஏப்ரலில் நான்காம் வகுப்பு முடியும்போது தமிழ் ஏணியை முழுதாக முடித்திருந்தாள். புதிதாகக் கொடுத்த ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்து, தன் சொற்களில் சொன்னாள். ஒற்றுப்பிழை நிறைய. கணக்கில் வகுத்தலின் கடைசிப் படிகளைத் தவிர மற்றவை முடிந்தன. ஆங்கிலத்தில் இரண்டாம் வகுப்புப் படிகளைத் தாண்டவில்லை. அட்டையிலிருந்து ஆங்கிலச் சொல்லைப் படம் பார்த்து எடுக்கலாம், ஆனால் அந்த மொழி காதில் விழாத ஊரில் அது பேச்சாக மாறவில்லை. இது அவளுடைய குறை இல்லை, முறையின் குறை.

இந்த எண்ணிக்கைகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவள் தன் நிலையைச் சொன்ன விதம். “வகுத்தல்ல மீதி வர்றது மட்டும் வரல, மத்தது வரும்” என்று ஒன்பது வயதுப் பிள்ளை சொல்ல முடிந்தது. தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பயமின்றிச் சொல்லும் பழக்கம் நான்கு ஆண்டும் தானே அட்டை எடுத்ததால் வந்தது. அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் வகுப்பு சுலபமாக இல்லை. புத்தகம், ஒரே வேகம், கரும்பலகை. 2012-13-இல் முப்பருவ முறை வந்து, கீழ் வகுப்புகளிலும் செயல்வழிக் கற்றல் புத்தகத்தோடு இணைத்து எளிமையாக்கப்பட்டது. முதல் பருவத்தில் அவள் பின்தங்கினாள். புரியாத இடத்தில் எழுந்து கேட்கும் பழக்கம் இருந்ததால், இரண்டாம் பருவத்தில் ஈடுகட்டினாள். பிறகு சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள நடுநிலைப் பள்ளிக்குப் போனாள். எனக்குக் கடைசியாகத் தகவல் கிடைத்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தாள்.

அதே ஆண்டில் அதே பள்ளியில் சேர்ந்து, அவளைப் போலவே சூளைக்குப் போய் வந்த ஒரு பையன் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பை விட்டான். நான்கு ஆண்டில் அவனும் வாசிக்கக் கற்றிருந்தான், அவ்வளவுதான். அவன் குடும்பத்தின் முன்பணக் கடன் ஒவ்வோர் ஆண்டும் ஏறியது. எந்தக் கற்பித்தல் முறையும் கடனைத் தீர்க்காது. அவனை விட்டுவிட்டு அவளை மட்டும் எழுதினால் இந்தப் பதிவு பாதிப் பொய்யாகிவிடும்.

மாற்ற வேண்டியவை

மறுபடி இப்படியொரு பள்ளியில் பணி செய்தால் முதலில் ஆசிரியர் எண்ணிக்கையைக் கேட்பேன். குழந்தையே படிக்கிறது, ஆசிரியருக்கு வேலை குறைவு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இந்தப் பள்ளியில் இருவரும் மாலையில் பதிவேட்டோடு உட்கார்ந்து, நாளை யார் எந்தக் குழுவில் என்று யோசித்தார்கள். ஒருவர் விடுப்பில் போன நாட்களில் மற்றவரால் கூட்டத்தை மேய்க்கத்தான் முடிந்தது. நாற்பது பிள்ளைக்கு இருவர் போதாது.

ஆங்கிலத்துக்கு அட்டைக்கு முன்பே கேட்கவும் பேசவும் தினமும் நேரம் வேண்டும். ஏணிக்கு வெளியே வாசிக்கக் கதைப் புத்தகங்கள் முதல் ஆண்டிலிருந்தே வேண்டும். பந்தயச் சிக்கல் வந்தபிறகுதான் அவை இங்கே பையிலிருந்து வெளியே வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோக மாதம் ஒரு முறையாவது பிள்ளையின் கையெழுத்தில் ஒரு தாள் போக வேண்டும், தாயின் கேள்விக்கு அதுதான் பதில்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பெருந்தொற்றால் இடைவெளி விழுந்த 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையின்படி பிரித்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்க்கும் அதே எண்ணம் அதில் இருக்கிறது. 2020 மார்ச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நேர்ந்த இடைவெளி, சூளைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நேர்வது. அதனால் ஒரு குறிப்பிட்ட வேண்டுகோள். பருவகாலத்தில் இடம்பெயரும் குழந்தையோடு ஒரு தாள் போகட்டும். அதில் நான்கே செய்தி: கடைசியாக முடித்தது எது, எதில் தடுமாற்றம், எந்தத் துணையோடு நன்றாகப் படிக்கிறது, ஊர்ப் பள்ளியின் தொலைபேசி எண். சூளைக்கு அருகில் உள்ள பள்ளி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அங்கிருந்து தொடங்கி, பிள்ளை கிளம்பும்போது சூளையில் கற்றதையும் சேர்த்து எழுதித் திருப்பித் தரட்டும். எங்கள் பள்ளியில் பென்சிலால் எழுதிய அந்த ஒரு வரி ஊரைவிட்டு வெளியே போகவில்லை. போயிருந்தால் 2010-இல் துணிப்பையில் போன அட்டைகளைச் சரிபார்க்க அங்கே ஒருவர் இருந்திருப்பார்.